கங்கையம்மனுக்குக் கண் கட்டியது

கார்த்திகைப் புயல் அடித்த அன்று, போட்ட வலையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஒற்றைக் கட்டுமரத்தில் போன நாகமுத்து, தை பிறந்தும் கரைக்கு வரவில்லை. ஆனாலும் அவன் சாகவில்லை. அது குப்பத்துச் சட்டம்.

பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்கிற அகலத்து மணலில் ஒட்டிக்கொண்டிருந்த குப்பம் அது. அங்கே கடலில் போனவனின் உடம்பையோ மரத்தையோ யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லுகிற வரைக்கும் அவன் உயிரோடிருக்கிறவன். அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றக் கூடாது. பெற்றவள் ஒப்பாரி வைக்கக் கூடாது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கும்போது அவன் பேரும் குலுக்கலில் விழும். படகில் அவன் உட்காரும் பலகை காலியாகவே இருக்கும். மற்றவர்கள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். முன்னொரு காலத்தில் வரதன் என்று ஒருவனை இப்படி யாருமே பார்க்காமல் போனதில், அவன் நூற்றுப் பத்து வயசு வரைக்கும் இருந்து கொள்ளுப்பேரன் கல்யாணத்தில் முதல் தாம்பூலம் வாங்கினான். குப்பத்தில் அவனைப் போல் ஆயுசு கெட்டி யாருக்கும் இல்லை.

நாகமுத்துவின் பெண்டாட்டி கங்கம்மாளுக்கு இந்தச் சட்டம் போதுமானதாகத்தான் இருந்தது. பகலில் போதும். ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மீன் கூடையை இறக்கி வைக்கிற வரைக்கும் போதும். வீட்டுக்குத் திரும்பி அவனுடைய துண்டு கொடியில் தொங்குவதைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் பற்றாக்குறையாக இருக்கும். சட்டத்தை விடக் கெட்டியாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

அது கிடைத்தது பழவேற்காட்டில் ஒரு டீக்கடையில்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடற்கரைக் கருமணலில் அணுசக்திக்கு உதவுகிற சரக்கு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவரச் சர்க்கார் ஆதிகேசவனை அனுப்பியிருந்தது. பட்டணத்துக் காலேஜில் பௌதிகம் படித்தவன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். மண்ணுக்குள் கதிர் வீசுகிற சமாச்சாரம் இருந்தால் அந்தப் பெட்டி டிக், டிக் என்று சொல்லும். மேலே ஒரு முள் ஆடும். வேலை இவ்வளவுதான்: முகத்துவாரத்திலிருந்து வடக்கே சவுக்குக் குச்சிகளை ஒரே நேர்கோட்டில் நட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு குச்சியண்டையிலும் பெட்டியை வைத்துக் கேட்க வேண்டும். கோடு மட்டும் கோணவே கூடாது. ஒரு நாள் குறுக்கே எருமை ஒன்று படுத்திருந்தது. ஆதிகேசவன் குடையை விரித்துக்கொண்டு, அது எழுந்து போகிற வரைக்கும் காத்திருந்து, எருமை படுத்த இடத்திலேயே குச்சியை நட்டான். குப்பத்து ஆண்கள் காலையில் ஒதுங்குகிற இடத்துக்கு நட்டநடுவிலும் ஒரு குச்சி நின்றது. குந்துகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் டீக்கடைக்கு வந்துவிடுவான். அங்கே தர்காவில் விளக்கேற்றி ஓதிப் பார்க்கும் அப்துல் ரவூப் உட்கார்ந்திருப்பார். மீனவர்களுக்குத் தாயத்துக் கட்டுகிறவரும் அவர்தான். நாகமுத்துவின் கையில் இருந்ததும் அவர் கட்டியதுதான்.

"பாய், இந்த எலெக்ட்ரான் இருக்கு பாருங்க. அது ஒரே நேரத்திலே இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும்" என்றான் ஆதிகேசவன்.

"இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் ரவூப். "தர்காவுல அடங்கிக்கிற எங்க பாவாவும் அப்பிடித்தான். ஒரே வெள்ளிக்கெழம, ஒரே மத்தியானம், பொன்னேரியில ஒரு ஊட்லயும் சாப்ட்டாரு, இங்க ஒரு ஊட்லயும் சாப்ட்டாரு. எங்க ஊட்லதான் சாப்ட்டாருன்னு ரெண்டு ஊட்டுக்காரங்களுக்கும் அடிதடி. போலீசு வந்து பாத்தா ஒரே மீனு. தலை இந்தத் தட்ல, வாலு அந்தத் தட்ல."

"அடடா" என்றான் ஆதிகேசவன். "இதைத்தான் பாய் ஜெர்மனியிலே இப்போ கண்டுபிடிச்சிருக்கான்."

"சொல்லி அனுப்பிச்சிருந்தா நாங்களே தந்தி குடுத்திருப்பமே."

ஆதிகேசவன் பெட்டியை மேஜை மேல் வைத்தான். டிக் என்றது. கொஞ்சம் சும்மா இருந்தது. டிக், டிக் என்றது.

"இன்னா சார் சொல்லுது?"

"எங்கேயோ ஒரு அணு உடையுது. எது உடையும், எப்ப உடையும், பக்கத்திலே இருக்கிறது ஏன் உடையலேன்னு உலகத்திலே எவனாலேயும் சொல்ல முடியாது. காரணமே கிடையாது பாய். காரணம் இல்லாமயே நடக்குது."

ரவூப் பெட்டியண்டை காதை வைத்து, தஸ்பீஹ் மணியை உருட்டிப் பார்த்தார். "திக்ரு பண்ணுது" என்றார். "மண்ணும் கல்லும் அவன் பேர சொல்லிக்கினு இருக்குதுன்னு எங்க வாப்பா சொல்வாரு. இம்மா சத்தமா சொல்லும்னு அவருக்கே தெரியாது."

இப்படியாக அந்தக் கடையில் விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் ஒரே டீயை ரெண்டு கிளாஸில் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தன. கங்கம்மாள் காலிக் கூடையோடு கடை ஓரத்தில் படகுக்குக் காத்திருந்தாள். ஆதிகேசவன் அப்போதுதான் அடுத்ததற்குப் போனான்.

"இன்னும் வேடிக்கை கேளுங்க. ஒருத்தன் பார்க்கிற வரைக்கும் அந்தத் துகள் இப்படியும் இல்லே, அப்படியும் இல்லே. ரெண்டுமா இருக்கும். பார்த்தவுடனேதான் ஒண்ணாகும்."

"சார்" என்றாள் கங்கம்மாள். ஆதிகேசவன் திரும்பினான். மீன்காரி ஒருத்தி பௌதிகம் கேட்பது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உசுரு கீதா இல்லியான்றது கூடவா சார்?"

"ஆமாம்மா. பெட்டியிலே போட்டு மூடின பூனைக்கே அப்படித்தான்னு ஒரு பெரிய மேதை சொல்லியிருக்கார். மூடியைத் திறந்து பார்க்கிற வரைக்கும் அது செத்த பூனையும்தான், உயிரோட இருக்கிற பூனையும்தான்."

அந்த மேதை அதைக் கிண்டலுக்குச் சொன்னார் என்கிற வரியை, ஆதிகேசவன் படித்த புத்தகத்தில் அச்சுக் கோக்கிறவன் விட்டுவிட்டான்.

"பாக்காமயே இருந்துட்டா?"

"பார்க்காமலே இருந்தா அப்படியேதான் இருக்கும்."

கடையில் எல்லோரும் கிளாஸுக்குள் பார்த்தார்கள். அவள் யார் என்று தெரியாதவன் அங்கே ஆதிகேசவன் ஒருத்தன்தான். கங்கம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்லா இருப்ப நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே குப்பத்துத் தலைவர் குப்புராஜின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, நம்ம சட்டத்த ஜெர்மனியில ஒத்துக்கினாங்களாம்."

குப்புராஜ் முழுக்கக் கேட்டார். சாவே பார்க்கிறதால்தான் வருகிறது என்றால், இது நாள் வரை கரையில் எதையாவது பார்த்துத் தொலைத்தவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் ஆகிறார்களே என்று யோசித்தார். அவரே மூன்று பேரைப் பார்த்திருந்தார். உடனே பஞ்சாயத்துக் கூடி, இனிமேல் நாகமுத்து வருகிற வரைக்கும் ஒருத்தரும் கரையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று.

நாகமுத்துவைப் பெற்ற செல்லியம்மாள் மட்டும் எழுந்தாள். "ஜெர்மனிக்காரன் ஊட்ல எவனாவது கடலுக்குப் போயிக்கிறானா?" என்று கேட்டாள். "எனக்கு அழுவணும்டி கங்கா. அடைச்சுக்கினு கீது. ஒரு நாளு அழுதுட்டுப் பூட்றேனே."

"அழுதா செத்துட்டார்னு ஆயிடும் அத்தே."

"அழாங்காட்டி நான் செத்துடுவேன்."

"கொஞ்ச நாளு" என்றாள் கங்கம்மாள்.

குப்பம் அந்த முடிவை நடத்திக் காட்டியது. கரையில் நடக்கும்போது ஜட்கா குதிரைக்குக் கட்டுகிற மாதிரி எல்லோரும் தலையில் துண்டைப் போட்டு ரெண்டு கன்னத்தையும் மறைத்துக்கொண்டார்கள். வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே பார்த்துப் பின்பக்கமாக நடந்தார்கள். சிலருக்குப் பின்னால் நடக்க வராமல் பக்கவாட்டில் நடந்தார்கள். அதைப் பார்த்த நண்டுகள் வளைக்கு ஓடுவதையே விட்டுவிட்டன. கடலிலிருந்து திரும்புகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, அடுப்புப் புகை வாசனையை வைத்துக் கரை பிடித்தார்கள். செல்லியம்மாள் காலையும் மாலையும் வெங்காயம் உரித்தாள். உரித்த வெங்காயத்தை எல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். பொன்னேரி வெங்காய மண்டிக்காரர், உங்கள் குப்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்று ஆள் விட்டுக் கேட்டார்.

பார்க்கலாம் என்று அனுமதி இருந்தது ஆதிகேசவன் ஒருத்தனுக்குத்தான். தன்னுடைய தத்துவத்தை ஒரு ஊரே கடைப்பிடிக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு உடம்பு புல்லரித்தது. அதற்கு என்ன காரணம் என்றும் அப்போதுதான் தெரிந்தது. அது தெரிந்ததும் புல்லரிப்புக் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் வேலை இருந்ததே. குப்புராஜ் அவனைக் கூப்பிட்டு, "நீங்க முள்ள மட்டும் பாருங்க சார். அக்கம்பக்கம் பாக்காதீங்க" என்றார். ஆதிகேசவனும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தான்.

கங்கம்மாளுக்குக் கொடியில் தொங்குகிற துண்டைப் பார்க்க முடிந்தது. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல கொடுவா ஒன்றை எடுத்துக்கொண்டு தர்காவுக்குப் போனாள். சந்தோஷ சமாச்சாரத்தை ரவூபிடம் சொல்ல வேண்டாமா? ரவூப் மீனை வாங்கிக்கொண்டார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு விளக்குத் திரியைத் தூண்டினார். தூண்டத் தேவையே இல்லை.

"இன்னா பாய், ஒண்ணும் சொல்லாம கீறீங்க?"

"ஒன்னாண்ட எப்பிடிச் சொல்றதுன்னு பாக்கறேன்மா."

"சொல்லுங்க."

"அந்த சார் சொன்னது நெசம்தான். யாருமே பாக்கலன்னா ரெண்டும்தான். ஆனா யாருமே பாக்காத எடம்னு ஒண்ணு இருந்தாத்தானே?" ரவூப் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் பாக்கல, நீ பாக்கல, குப்புராஜ் பாக்கல. அவன் பாக்கறானேம்மா. இருட்டுல, கருப்புக் கல்லு மேல, கருப்பு எறும்பு போனாலும் பாக்கறான். கடலுக்கு அடியில பாக்க மாட்டானா?"

வெளியே யாரோ ஆட்டை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அன்னிக்கே பாத்துட்டிருப்பாரா?"

"அன்னிக்கே."

"நீங்க சொன்னா கேப்பாரு. கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கச் சொல்லுங்க பாய்."

ஓதிப் பார்க்க எத்தனையோ பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். காணாமல் போன மாடு, பால் கட்டின மார், கோர்ட்டுக் கேஸ் என்று எல்லாவற்றுக்கும் ஓதியிருக்கிறார். எல்லாவற்றையும் பார்க்கிறவனைப் பார்க்காதே என்று கேட்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான். அப்படிக் கேட்கலாமா என்றே அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தார்.

வீட்டுக்கு வந்தாள். கொடியிலிருந்து நாகமுத்துவின் துண்டை உருவினாள். நேரே கங்கையம்மன் கோயிலுக்குப் போனாள். குப்பத்தைக் காக்கிற அம்மன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவள். முழியை அகல விழித்து, இமை இல்லாமல் நிற்பாள். கடலில் ஒரு கயிறு அறுந்தாலும் அவளுக்குத் தெரியும் என்று பேர். கங்கம்மாள் மேடையில் ஏறி, துண்டை நாலாய் மடித்து, அம்மன் கண்ணைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டாள். கட்டுமரத்தைக் கட்டுகிற முடிச்சு. ஈரம் பட்டால் இறுகுமே தவிர அவிழாது.

பூசாரி வேலையும் குப்புராஜுக்குத்தான். வந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏய் கங்கா, இன்னா காரியம் பண்ண?"

"ஆத்தா பாத்துட்டா எல்லாம் போச்சு மாமா. ஆத்தா கிட்டயே கேட்டுக்கினுதான் கட்னேன்."

"ஆத்தா இன்னா சொன்னா?"

"வாணாம்னு சொல்லல."

குப்புராஜுக்கு அதற்கு மேல் சட்டம் தெரியவில்லை. துண்டின் மேலேயே குங்குமம் வைத்தார்.

அம்மன் பார்க்கவில்லை என்று ஆனதும் குப்பத்தில் மற்ற காரியங்களும் கொஞ்சம் தாராளமாக நடந்தன. ஒருத்தன் பக்கத்து வீட்டுக் கோழியைக் குழம்பு வைத்து, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனையே சாப்பிடக் கூப்பிட்டான். ஏரியில் வலை போடுகிற சீட்டுக் குலுக்கலில் ஒரே பேர் மூன்று தரம் வந்தது. பூனை கருவறைக்குள் போய்ப் படுத்தது. எல்லோருக்கும் லேசாக வெட்கமாகவும் சௌகரியமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரவூப் படகு ஏறிக் குப்பத்துக்கே வந்தார். கங்கம்மாளின் வாசலில் நின்றார்.

"கேட்டேன்மா. கேக்கறதே தப்பு. ஆனாலும் கேட்டேன்."

"இன்னா ஆச்சு?"

"ஒங்க ஆத்தாளுக்குக் கண்ணு கீது, கட்டிப்புட்ட. அவனுக்கு நான் எங்கன்னு போயி கட்றது?"

அவள் அவருக்கு உட்காரப் பலகை போட்டாள். உட்கார்ந்தார். டீ கொடுத்தாள். உள்ளே செல்லியம்மாள் வெங்காயம் உரிக்கிற சத்தம் கேட்டது.

குச்சிக் கோட்டைக் கங்கம்மாள் பார்த்தது அதற்கப்புறம்தான். குப்பத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, விறகு பொறுக்கப் போயிருந்தாள். துண்டு கன்னத்தை மறைத்திருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. காலடியில் ஆதிகேசவன் நட்ட குச்சி ஒன்று தட்டியது. அதற்கப்புறம் ஒன்று. நேர்கோடு, அதன் மேலேயே நடந்தால் அக்கம்பக்கம் பார்க்க வேண்டாம் என்று குச்சிக்குக் குச்சி போய்க்கொண்டிருந்தாள். நல்ல வழியாக இருந்தது.

ஒரு குச்சிக்கு அடுத்த குச்சி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் நகர்த்தினாள். அந்தக் குச்சி தோப்புப் பக்கமாகத் தள்ளி நின்றது. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. பிறகு மெல்ல வளைந்து கடல் பக்கம் திரும்பி, தூரத்தில் பழையபடி நேராகப் போயிற்று. நடுவில் ஒரு மணல் மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம்.

எருமைக்கு வளையாத கோடு. ஆண்கள் குந்துகிற இடத்தில் வளையாத கோடு.

விறகை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினாள். பின்பக்கமாக நடக்கவில்லை, நேராக நடந்தாள்.

ஆதிகேசவன் படகுத்துறையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூட்டை முடிச்சும் பக்கத்தில் இருந்தது. இரண்டு மூன்று நாளாக அவன் டீக்கடைக்குச் சரியாக வருவதில்லை என்றும், வந்தாலும் எலெக்ட்ரானைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் ரவூப் சொல்லியிருந்தார். கங்கம்மாள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஊருக்கா சார்?"

"ஆமாம்மா. வேலை முடிஞ்சுது." முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பாத்தீங்களா?"

"நான் எதையும் பார்க்கலேம்மா. முள்ளைத்தான் பார்த்தேன்."

"பாக்காதவரு எதுக்கு சார் குச்சிய வளைச்சு நட்டீங்க?"

பெட்டி டிக் என்றது. அவன் அதன் விசையைத் தேடி அணைத்தான்.

"மூஞ்சிய நிமித்தி என்னப் பாத்து சொல்லு நைனா. பாக்கலன்னு."

அவனால் நிமிர முடியவில்லை. படித்த பையன், கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. "நான் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது" என்றான். "நான் பார்க்காம இருந்திருந்தா..."

"நீ பாத்தன்றதுக்காவ சாவற ஆளு இல்ல அவரு" என்றாள் கங்கம்மாள். "கையில தாயத்து இருந்திச்சா?"

"இருந்துது."

"எந்தக் கையி?"

"இடது கை. மரத்தோட சேர்த்துக் கட்டிக்கிட்டு இருந்தார்."

"முடிச்சு அவுந்திருந்திச்சா?"

"இல்லேம்மா. இறுகி இருந்துது."

அவள் தலையை ஆட்டினாள். அந்த முடிச்சு அப்படித்தான். படகு வந்து நின்றது. "போய்ட்டு வா" என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஏறின பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் போனாள். துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்; அபிஷேகத் தண்ணீர் பட்டு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு மீன் அரிகிற கத்தியை எடுத்து வந்து அறுத்தாள். அம்மன் பழையபடி முழித்துக்கொண்டு நின்றாள். கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த நாளிலும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது. கங்கம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கிழிந்த துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செல்லியம்மாள் அடுப்படியில் முறத்தில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். முறத்தைத் தள்ளி வைத்தாள்.

கங்கம்மாள் அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அத்தே" என்றாள். "அழுவலாம்."

செல்லியம்மாள் மாரில் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒப்பாரியின் முதல் அடி அவளுக்குத் தெரியாதா? குப்பத்தில் எத்தனை பேருக்குப் பாடியிருக்கிறாள். வாய் திறந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொண்டாள்.

"வரலடி கங்கா" என்றாள். "அம்மாம் நாளு அடைச்சு வெச்சேன். இப்ப வரல."

"வரும் அத்தே."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடுப்பில் ஒரு பிடி கூடப் போட்ட சோறு கொதித்து வழிந்தது. கங்கம்மாள் எழுந்து கஞ்சியை வடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். செல்லியம்மாள் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். அதற்கும் வரவில்லை. மருமகளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.